வாசலில் கிரவுன் மாற்றுகிறவர்களுக்கு

போன ஆடியில் ஒரு தம்பி பட்டறைக்கு வந்தார். சொந்த லாரி, அவரே டிரைவர். "அண்ணா, மைலேஜ் கிடைக்கும்னு 6-41 கிரவுனக் கழட்டிட்டு 7-41 மாட்டுனேனுங்க. இப்ப முன்ன குடுத்ததக்கூட குடுக்க மாட்டேங்குது" என்றார். கிரவுன் என்றால் பின் அச்சுக்குள் இருந்து சக்கரத்தைச் சுற்றவைக்கிற பெரிய பல்சக்கரம். மச்சானைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்த வேலை.

கழற்றிப் பார்த்தேன். வேலை சுத்தமாக இருந்தது. கிரவுனும், அதைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரமான பினியனும் ஒரே நம்பர் குத்திய ஜோடி. நீல மை தடவிப் பல் பதிவு பார்த்திருக்கிறார், பல்லுக்கும் பல்லுக்கும் விடுகிற இடைவெளியான பேக்லாஷை டயல் கேஜ் வைத்துப் பிடித்திருக்கிறார். குறை அங்கே இல்லை.

6-41 என்றால் பினியனில் 6 பல், கிரவுனில் 41 பல். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகிற புரொப்பல்லர் ஷாப்ட் 6.83 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 7-41 மாட்டினால் 5.86 சுற்றே போதும். ஆனால் அவர் வண்டியில் ஸ்பீடு சென்சார் இருப்பது கியர்பாக்ஸின் பின்கடைசியில். அது எண்ணுவது ஷாப்டின் சுற்றை மட்டும்தான். பின்னால் கிரவுன் மாறிய விஷயம் அதற்கு எப்படித் தெரியும்? ரோட்டில் 70 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 60 என்றுதான் காட்டும். டீசல் 70-க்கு எரிகிறது, தம்பி 60-க்கு வகுத்துப் பார்த்து மனசு விட்டுப் போயிருக்கிறார்.

மைலேஜ் கணக்கு தப்பினால் போகட்டும். என்னைப் பதற வைத்தது இன்னொன்று. மீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 93-ல் போகிறது. 80-க்கு மேல் விடாமல் பிடிக்க வேண்டிய ஸ்பீடு கவர்னரும் அதே சென்சாரைத்தான் நம்பி இருக்கிறது. ஒரு மாதம் முழு லோடோடு அப்படித்தான் ஓடியிருக்கிறார், தெரியாமலே.

தொப்பூர் கணவாயில் தர்மபுரிப் பக்கமிருந்து இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். பழைய கிரவுனில் மூன்றாவது கியரில் நிதானமாக இறங்கிப் பழகிய கை, புதுக் கிரவுனிலும் அதே கியரைத்தான் போடும். ஆனால் இன்ஜின் கொடுக்கிற பிடி ஏழில் ஒரு பங்குக்குக் குறையாமல் தளர்ந்திருக்கும். அந்தப் பாரமெல்லாம் பிரேக் மேல் விழும். டிரம் சூடேறிய பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. ரேஷியோவை, அதாவது இந்தப் பல் கணக்கை மாற்றினால் இறக்கத்தில் ஒரு கியர் குறைத்தே இறங்குங்கள். வண்டியை வேறு டிரைவர் எடுத்துப் போனால் அவரிடமும் சொல்லி அனுப்புங்கள். மீட்டரையும் கவர்னரையும் புது ரேஷியோவுக்குத் திருத்திய பிறகே லோடு ஏற்றுங்கள். மலை ஏறுகிற வண்டிக்கு, கொல்லிமலை மாதிரி இடத்துக்கு ஓடுகிற வண்டிக்கு, 7-41 வேண்டவே வேண்டாம் என்பேன். இழுவை குறைவதால் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தீய்ந்துவிடும்.

சரி, கியர்பாக்ஸுக்கு வருகிறேன். அதைக் கழற்றி இறக்குவதை வீட்டில் செய்யக்கூடாது என்று சொல்ல மாட்டேன், நானும் ரோட்டோரத்தில் கற்றவன்தான். ஆனால் புரொப்பல்லரைக் கழற்றிய நொடியிலிருந்து, கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறோம் என்ற நம்பிக்கைக்கு அர்த்தமில்லை. இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துவிட்டது. சமதரையா என்று பாருங்கள், முதல் போல்ட்டில் ஸ்பேனர் வைக்கும் முன்னாலேயே சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். வண்டியைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். உள்ளே ஒரு சீல் தேய்ந்திருந்தால் போதும், எந்தச் சத்தமும் இல்லாமல் இறங்கிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு ஃபிட்டருக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. கியர்பாக்ஸை நெஞ்சில் தாங்கி இறக்கிவிடலாம் என்று இரண்டு பேராக முயன்ற வேலை அது. நூறு கிலோவுக்கு மேல் இருக்கிற இரும்பு, ஒரு பக்கம் சாய ஆரம்பித்தால் கையால் நிறுத்த முடியாது.

ஏற்றும்போது நடக்கிற தப்பு கண்ணுக்குத் தெரியாது. கியர்பாக்ஸின் முன் ஷாப்ட் நுனி கிளட்ச் பிளேட்டுக்குள் நுழைந்ததும் கொஞ்சம் மூச்சு வாங்கலாம் என்று பெட்டியை அப்படியே தொங்க விடுவார்கள். மொத்தப் பாரமும் பிளேட்டின் நடுவில் இறங்கி அது வளைந்துபோகும். பத்து நாள் கழித்து கிளட்ச் விடவில்லை, கியர் இறுகுகிறது என்று வந்து நிற்பார்கள். சேராத பெட்டியைப் போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்ப்பதும் அப்படித்தான், கிளட்சை மூடியிருக்கிற கூடான பெல் ஹவுசிங்கின் காது உடைந்துவிடும். பழைய முன் ஷாப்ட் ஒன்றை விட்டு பிளேட்டை நடுவில் நிறுத்திவிட்டால் பெட்டி தானாகப் போய் உட்காரும். அப்புறம், கிளட்ச் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் அடிக்காதீர்கள். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

ஆயிலில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கிரவுனுக்கு வாங்கிய ஜிஎல்-5 ரக ஆயில் மீந்தது என்று கியர்பாக்ஸில் ஊற்றுகிறார்கள். கியர்பாக்ஸுக்குக் கையேட்டில் ஜிஎல்-4 போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள். ஜிஎல்-5-ல் சேர்க்கிற மருந்து கியர் உரசாமல் விழ உதவுகிற பித்தளை சிங்க்ரோ வளையத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடக்கூடும்.

புது கிரவுன் போட்ட வண்டியை முதல் ஐநூறு கிலோமீட்டர் பாதி லோடில் ஓட்டுங்கள். நடுவில் ஒரு டீக்கடையில் நிறுத்தும்போது கிரவுன் ஹவுசிங்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவு கொதித்தால் பேரிங் இறுகியிருக்கலாம். வீடு வந்ததும் டிரெயின் பிளக்கைக் கழற்றி அதன் காந்தத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை மட்டும் என்றால் துடைத்து மூடிவிடலாம். விரலில் துகள் குத்தினால் மறுநாள் லோடு ஒத்துக்கொள்ளாதீர்கள்.