“பால் பத்தலை நர்சம்மா”

புதன்கிழமை தடுப்பூசி நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அடிக்கடி காதில் விழும் புகார் இது. “ராத்திரி ஒரு பாட்டில் பவுடர் பால் கொடுத்தோம், அப்புறம்தான் தூங்குச்சு” என்று கூடவே மாமியார் சொல்வார். பல வீடுகளில் பால் உண்மையாகவே குறையத் தொடங்குவது அந்தப் பாட்டிலுக்குப் பிறகுதான்.

கர்ப்ப காலத்தில் பால் பெருகாமல் தடுத்து வைப்பது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் அது சட்டென்று குறைகிறது. அதன்பின் பால் பெருகி மார்பு கனக்க 2 முதல் 4 நாள் ஆகும். அதுவரை வருவது மஞ்சள் நிறச் சீம்பால். அளவு கொஞ்சம்தான், ஆனால் நோய் எதிர்ப்புப் புரதங்கள் செறிந்தது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த நாட்களில் அதுவே போதும். இந்த இடைவெளியில்தான் ‘சேனை வைக்கிறேன்’ என்று சர்க்கரைத் தண்ணீர் நுழைகிறது.

குழந்தை சப்பும்போது தாயின் பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை விடுகிறது. புரோலாக்டின் பாலை உண்டாக்கும். ஆக்சிடோசின், பால் நுண்பைகளைச் சுற்றியுள்ள தசைகளைச் சுருக்கிப் பாலை வெளியே தள்ளும். குழந்தையின் அழுகுரல் கேட்டாலே பால் கசிவது இதனால்தான். வலியும் பயமும் இதே ஆக்சிடோசினை அடக்கிவிடும். மார்பில் பால் இருந்தும் இறங்காது. பச்சை உடம்புக்காரியின் பக்கத்தில் நின்று “உனக்குப் பாலே இல்லை” என்பவர்களை முதலில் வெளியே அனுப்ப வேண்டும்.

இன்னொரு கட்டுப்பாடு மார்புக்குள்ளேயே இருக்கிறது. பால் தேங்கினால் சுரக்கும் செல்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரத்தத்தில் வரும் ஹார்மோன் இரண்டு மார்புக்கும் பொது. ஆனாலும் ஒரு பக்கமே குடிக்கும் குழந்தைக்கு மறுபக்கம் வற்றிப்போகும். எடுக்க எடுக்கத்தான் சுரக்கும். பாட்டிலால் வயிறு நிறைந்த குழந்தை அன்று குறைவாகக் குடிக்கும். மார்பும் அதற்கேற்பச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். அடுத்த நாள் பாட்டில் இன்னும் அவசியமாகத் தோன்றும். புரோலாக்டின் இரவில்தான் அதிகம் சுரக்கிறது என்பதால், இரவுப் பாட்டிலுக்குக் கொடுக்கும் விலை கூடுதல்.

அதனால் செவிலியர் அழுகையை வைத்துப் பாலை அளப்பதில்லை. குழந்தை காம்பை மட்டும் கவ்வாமல், சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையப் பிடிக்கிறதா என்று பார்ப்பார். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் 6 முறையாவது சிறுநீர் கழிக்கிறதா என்று கேட்பார். முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் மருத்துவர் பார்க்க வேண்டும். பிரசவத்தில் கடும் ரத்தப்போக்கு, தைராய்டு கோளாறு போன்ற காரணங்களால் பால் நிஜமாகவே குறைவதும் உண்டு.

சித்திரை வெயிலிலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர்தான்.

ஆறு மாதம் வரை இப்படித் தாய்ப்பால் மட்டும். அதற்குள் குழந்தை பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து இருப்பு கரைந்துவிடும். பாலில் இருக்கும் இரும்பு மட்டும் போதாது. தாய்ப்பாலை இரண்டு வயது வரை தொடர்ந்தபடியே பருப்பு சாதம், கேழ்வரகுக் கூழ், முட்டை, கீரை என்று சேர்க்க வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதத்தில் இருக்கட்டும். தண்ணியான கஞ்சி அந்தச் சின்ன வயிற்றை நிரப்பும், எடையை ஏற்றாது.