டவுன்லோடு பண்ண பாட்டு பழைய பிளேயர்ல ஏன் ஏறமாட்டேங்குது?

ஸ்பாட்டிஃபைல காசு கட்டி டவுன்லோடு பட்டனை அமுக்குறோம், பச்சை அம்புக்குறி வந்துடுது, நெட்டை ஆஃப் பண்ணாலும் பாட்டு பாடுது. அப்போ பாட்டு போன்லதானே இருக்கு, அதை எடுத்து பழைய ஐபாட்லயோ சான்சா கிளிப்ங்கற குட்டி எம்பி3 பிளேயர்லயோ போட்டுக்கிட்டா என்னன்னு யாருக்கும் தோணும். நியாயமான கேள்விதான். போன்ல ஏதோ ஒன்னு இருக்குறது உண்மை, நாலு நிமிஷப் பாட்டுக்கு 320 கேபிபிஎஸ்னா (ஒரு செகண்டுக்கு 320 கிலோபிட்) கிட்டத்தட்ட 9.6 எம்பி இடத்தை அது பிடிச்சு வெச்சிருக்கும். ஆனா அந்த 9.6 எம்பி பாட்டு கிடையாது, பூட்டி வெச்ச இரைச்சல்.

இரைச்சல்னு சும்மா சொல்லல. நல்லா என்கிரிப்ஷன் பண்ண, அதாவது ரகசியக் குறியா மாத்திப் பூட்டின ஃபைலை சாவி இல்லாம திறந்து பாத்தா அதுல இருக்குற ஒன்னும் சைபரும் காசு சுண்டிப் போட்டு எழுதின மாதிரிதான் தெரியும், எங்கயும் ஒரு ஒழுங்கும் பிடிபடாது. சிலர் அந்த ஃபைலைத் தேடிப் பிடிச்சு பேரை எம்பி3ன்னு மாத்தி பிளேயர்ல போட்டுப் பாப்பாங்க. பிளேயர் பாவம் என்ன பண்ணும், எம்பி3ல ஒவ்வொரு ஃப்ரேமும், அதாவது பாட்டோட ஒவ்வொரு குட்டித் துண்டும், தொடர்ச்சியா 11 ஒன்னுகளோட ஆரம்பிக்கும், அதைத் தேடிக்கிட்டே போகும். கன்னாபின்னான்னு கிடக்குற பிட்டுல அப்படி 11 ஒன்னு வரிசையா வர்றதுக்கு 2,048ல ஒரு வாய்ப்பு, அதனால அங்கங்க ஒன்னு தட்டுப்படும், "ஆஹா ஃப்ரேம்"னு நின்னு அடுத்த பிட்டுகளைப் பாத்தா ஒன்னும் பொருந்தாது, திரும்ப தேடும், கடைசில அடுத்த பாட்டுக்குத் தாவிடும், இல்ல கீச்சுனு ஒரு சத்தம் போட்டுட்டு நிக்கும்.

சாவி எங்க இருக்கு? ஆப்கிட்ட. அந்த சாவியும் நிரந்தரம் இல்ல. ஸ்பாட்டிஃபைல ஒரு டிவைஸுக்கு 10,000 பாட்டு, அஞ்சு டிவைஸ் வரைக்கும் இறக்கிக்கலாம், ஆனா 30 நாளைக்கு ஒரு தடவையாவது நெட்ல வந்து தலையைக் காட்டணும். காட்டலைன்னா இறக்கினதெல்லாம் போயிடும். நீங்க இன்னும் சந்தா கட்டுறீங்களான்னு கம்பெனி சரிபாக்குறதுக்குத்தான் இது. இதுல கவனிக்க வேண்டியது ஒன்னு இருக்கு. 30 நாள் ஆச்சா ஆகலையான்னு ஒரு டிவைஸ் முடிவு பண்ணணும்னா அதுக்கு முதல்ல மணி தெரியணும், அதுவும் நாம செட்டிங்ஸ்ல போய் தேதியைப் பின்னாடி தள்ளி ஏமாத்த முடியாத மணி. போனுக்கு அது பெரிய விஷயமே இல்ல, எப்போ நெட் கிடைச்சாலும் கேட்டுக்கும். பழைய பிளேயர்ல நெட்டும் கிடையாது, நம்பிக்கையான கடிகாரமும் கிடையாது. பாட்டு ஏறாததுக்கு எல்லாரும் ஃபார்மட்டைத்தான் திட்டுறாங்க, என்னைக் கேட்டா கடிகாரம்தான் பெரிய காரணம்.

இது இன்னைக்கு வந்த பிரச்சனைனு நினைக்காதீங்க, 20 வருஷம் முன்னாடியே ஒருத்தங்க இதைத் தீத்து வெச்சாங்க. 2004ல மைக்ரோசாஃப்ட் ஒரு டிஆர்எம், அதாவது பாட்டுக்குப் போடுற டிஜிட்டல் பூட்டு, கொண்டு வந்துச்சு, உள்ளுக்குள்ள அதுக்கு வெச்ச பேரு ஜேனஸ். அடுத்த வருஷம் நாப்ஸ்டர் டு கோன்னு ஒரு சந்தா சேவை வந்துச்சு, மாசம் 14.95 டாலர் கட்டினா லட்சக்கணக்கான பாட்டுல வேணுங்கறதை எடுத்து கையடக்க பிளேயர்ல போட்டுக்கலாம். ராப்சடின்னு இன்னொரு சேவைலயும் அதே மாதிரி குடுத்தாங்க. இன்னைக்கு நாம கேக்குறது அப்படியே அன்னைக்கு இருந்துச்சு, ஆனா எல்லா பிளேயர்லயும் இல்ல, அதுக்குனு தயாரிச்ச பிளேயர்ல மட்டும். கிரியேட்டிவ் ஜென் மைக்ரோ, ஐரிவர் எச்10 மாதிரி ஆளுங்க. அந்த பிளேயருக்குள்ள யூசர் தொட முடியாத ஒரு கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு பாட்டோடவும் "இந்தத் தேதி வரைக்கும் பாடலாம்"னு ஒரு லைசென்ஸ் சீட்டு வரும், பாடுறதுக்கு முன்னாடி பிளேயர் ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கும். அப்பப்போ கம்ப்யூட்டர்ல சொருகினா லைசென்ஸ் புதுப்பிச்சுக்கும். எதாவது காரணத்தால கடிகாரம் ரீசெட் ஆயிடுச்சுன்னா, மணி திரும்ப சரியாகுற வரைக்கும் சந்தாப் பாட்டு எதுவும் பாடாது. சந்தாவை நிறுத்தினா பிளேயர் நிறைய பாட்டு இருக்கும், ஒன்னுகூட பாடாது.

அந்த பிளேயர் பெட்டி மேல எல்லாம் "கட்டாயம் பாடும்"னு அர்த்தம் வர்ற மாதிரி பிளேஸ்ஃபார்ஷ்யூர்னு ஒரு முத்திரை குத்தி வித்தாங்க. 2006 நவம்பர்ல அதே மைக்ரோசாஃப்ட் ஜூன் (Zune)னு சொந்தமா ஒரு பிளேயர் விட்டுச்சு பாருங்க, அதுல பிளேஸ்ஃபார்ஷ்யூர் பாட்டு பாடாது! இதைவிட என்ன வேணும். கடைசில அந்த ஜூன் பிளேயரோட சேவையும் 2015 நவம்பர்ல மூடிட்டாங்க.

ஆப்பிள் அந்த நேரத்துல வேற ரூட்ல போச்சு. ஐட்யூன்ஸ் ஸ்டோர் 2003 ஏப்ரல்ல வந்தப்போ வாடகைக்கு இல்ல, விலைக்குத்தான் வித்தாங்க. ஃபேர்பிளேன்னு பூட்டு இருந்துச்சு, ஆனா வாங்கின பாட்டுக்கு காலாவதி தேதி கிடையாது, தேதி இல்லைன்னா கடிகாரமும் தேவையில்ல, ஐபாட்ல சாவியை ஒரு தடவை போட்டா போதும். 2009ல பாட்டுக்கு அந்தப் பூட்டையும் எடுத்துட்டாங்க. ஆனா ஆப்பிள் மியூசிக் 2015 ஜூன்ல வந்தப்போ சந்தா, அதாவது தேதி, அதாவது கடிகாரம். ஐபாட் கிளாசிக்கை அதுக்கு முந்தின வருஷமே நிறுத்தியாச்சு. ஆப்பிள் மியூசிக்ல இறக்கினது கிளாசிக், நேனோ, ஷஃபிள் எதுலயும் ஏறாததுக்குக் காரணம் இதுதான், ரெண்டும் ஒரே கம்பெனியா இருந்தும்.

ஐபாட் பத்தி சொல்லும்போது இன்னொன்னும் சொல்லிடறேன், ஏன்னா பூட்டே இல்லாத சுத்தமான எம்பி3யை வெச்சுக்கிட்டும் நிறைய பேர் இங்க மாட்டிக்கறாங்க. ஐபாடை டிஸ்க் மாதிரி திறந்து பாட்டை இழுத்துப் போட்டா, இடம் குறையும், பாட்டு தெரியாது. ஐபாட் ஃபோல்டரைப் பாத்து பாடுற ஆள் இல்ல. உள்ள மறைஞ்சு கிடக்குற ஒரு டேட்டாபேஸ் ஃபைலை மட்டும்தான் படிக்கும், அதுல பேர் இருந்தாத்தான் அந்தப் பாட்டு உண்டு. உண்மையான ஃபைல் எல்லாம் எஃப்00, எஃப்01னு வரிசையா இருக்குற ஃபோல்டர்ல நாலு எழுத்து சங்கேதப் பேர்ல சிதறிக் கிடக்கும். 2007ல வந்த மாடல்ல இருந்து அந்த டேட்டாபேஸுக்கு ஒரு முத்திரை எண்ணும் சேத்துட்டாங்க, அது ஒத்துப்போகலைன்னா ஐபாட் "பாட்டே இல்ல"னு காட்டும். அதனால ஐட்யூன்ஸ் வழியாவோ, இல்ல அந்த டேட்டாபேஸை எழுதத் தெரிஞ்ச வேற சாஃப்ட்வேர் வழியாவோதான் போகணும். சான்சா மாதிரி பிளேயர்ல இந்தத் தொல்லை இல்ல, இழுத்துப் போட்டாலே போதும். கம்ப்யூட்டர்ல சொருகியும் ஒன்னும் வரலைன்னா செட்டிங்ஸ்ல யூஎஸ்பி மோடை எம்டிபில இருந்து எம்எஸ்சிக்கு (பென் டிரைவ் மாதிரி தெரியுற மோடுக்கு) மாத்திப் பாருங்க. அதுக்கும் முன்னாடி கேபிளை மாத்திப் பாருங்க, சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள் வீட்டுக்கு நாலு கிடக்கும்.

சரி, அப்போ வழிதான் என்ன? பூட்டை உடைச்சுத் தர்றோம்னு நெட்ல ஆயிரம் கன்வெர்ட்டர் இருக்கு. சேவைகளோட விதிமுறைக்கு எல்லாமே எதிரானது. இந்தியாவுல 2012ல காப்பிரைட் சட்டத்தைத் திருத்தி 65ஏன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, உரிமையை மீறுற எண்ணத்தோட இந்த மாதிரி பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதமும் உண்டு. அதுபோக, இந்த கன்வெர்ட்டர்ல சிலது பூட்டைத் தொடவே தொடாது. உங்க பிளேலிஸ்ட்ல இருந்து பாட்டு பேரை மட்டும் எடுத்து யூடியூப்ல தேடி அங்க கிடைக்கிறதை இறக்கி, மேல 320னு ஸ்டிக்கர் ஒட்டிக் குடுக்கும். ஒரிஜினலுக்குப் பதிலா யாரோ மேடைல பாடினது வந்து உக்காந்திருக்கும்.

பிளேயர்ல ஹெட்ஃபோன் ஓட்டைன்னு ஒன்னு இருக்குறவரைக்கும் எந்தப் பூட்டும் முழுப் பூட்டு கிடையாதுங்கறதும் உண்மைதான், காதுக்கு வரும்போது சத்தம் சத்தமாத்தானே வரணும். அந்த வயரை ரெக்கார்டர்ல சொருகினா பதிஞ்சுக்கும், இன்ஜினியர்ங்க இதை அனலாக் ஓட்டைன்னே சொல்லுவாங்க. லிஸ்ட் எழுதிக் குடுத்து 60, 90 கேசட்ல பாட்டு பதிஞ்சு வாங்கின தலைமுறைக்கு இது புரியும், ஒரு மணி நேரப் பாட்டு பதிய ஒரு மணி நேரம்தான் ஆகும், குறுக்குவழியே கிடையாது. ஸ்ட்ரீமிங் ஆப்ல இருந்து இப்படிப் பதியறதையும் விதிமுறை ஒத்துக்காது. சொந்தமா வெச்சிருக்குற கேசட், ரெக்கார்டை ஏத்தத்தான் நான் இதைச் சொல்லுவேன்.

நேர்வழி, பூட்டில்லாத ஃபைலை விலைக்கு வாங்குறது, இல்ல கையில இருக்குற சிடில இருந்து எடுக்குறது. ஐட்யூன்ஸ்ல விக்குறது 256 கேபிபிஎஸ் ஏஏசி (எம்பி3 மாதிரி இன்னொரு ஃபார்மட்), ஐபாட்ல நேரா ஏறும். பேண்ட்கேம்ப்ங்கற பாட்டு விக்குற சைட்ல எம்பி3, ஃபிளாக் (தரம் எதையும் விடாம சுருக்குற ஃபார்மட்), ஏஏசி எது வேணும்னு கேட்டே குடுப்பாங்க.

எந்த ஃபார்மட்ல எடுக்கறோம்ங்கறதுலயும் விஷயம் இருக்கு. கல்யாண மண்டபத்துல தவில் சத்தம் உச்சத்துல இருக்கும்போது பக்கத்துல உக்காந்திருக்கறவர் பேசுறது நமக்குக் கேக்காது இல்லையா, அவர் வாயை மூடல, நம்ம காது அவரை விட்டுடுது. எம்பி3, ஏஏசி, வார்பிஸ், ஓபஸ்னு பாட்டைச் சுருக்குற ஃபார்மட் எல்லாமே இந்த ஒரு பலவீனத்தை வெச்சுத்தான் பொழைக்குது. சிடில ஒரு செகண்டுக்கு 1,411 கிலோபிட். எம்பி3 அதை 1,152 சாம்பிள், அதாவது சுமார் 26 மில்லி செகண்ட் துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டுலயும் எந்த சுருதி எதை அமுக்குதுன்னு கணக்குப் போட்டு, அமுங்கிப்போற இடத்துலல்லாம் கணக்கை முரட்டுத்தனமா ரவுண்ட் பண்ணிடும். ரவுண்ட் பண்ணதால வர்ற இரைச்சல் பெரிய சத்தத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும்.

இப்போ ஒரு ஓபஸ் ஃபைலை எம்பி3யா மாத்துறீங்கன்னு வெச்சுக்கோங்க (பழைய பிளேயருக்கு வேற வழியில்ல, ஓபஸ் தரமானதே 2012லதான், 2008ல செஞ்ச பிளேயருக்கு அது எப்படித் தெரியும்). ரெண்டாவது என்கோடருக்கு (பாட்டைச் சுருக்குற சாஃப்ட்வேருக்கு) முதல் ஆள் எங்க வெட்டினான், எங்க இரைச்சலை ஒளிச்சு வெச்சான்னு ஒன்னும் தெரியாது. துண்டு அளவும் வேற, எல்லையும் வேற. அது ஒளிச்சு வெச்ச இரைச்சலையும் பாட்டுன்னு நினைச்சு அதுக்கும் பிட்டு செலவு பண்ணும், தன் பங்குக்குப் புது இரைச்சலையும் சேக்கும். ஜால்ரா, கைதட்டல், சிம்பல் மாதிரி படார்னு வர்ற சத்தத்துல முதல்ல தெரியும், மணல் தேய்ச்ச மாதிரி ஒரு கரகரப்பு. 128ஐ 320ஆ மாத்தினா ஃபைல் பெருக்கும், போனது வராது. சந்தேகமா இருந்தா ஆடாசிட்டிங்கற ஆடியோ சாஃப்ட்வேர்ல திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த சுருதில எவ்வளவு சத்தம்னு காட்டுற படம்) பாருங்க, 320னு போட்டிருக்குற ஃபைல்ல 16, 17 கிலோஹெர்ட்ஸுக்கு மேல கத்தியால வெட்டின மாதிரி காலியா இருந்தா அது பெரும்பாலும் 128லருந்து ஊதிப் பெருக்கினதுதான். முடிஞ்சவரைக்கும் சிடி இல்லைன்னா ஃபிளாக்ல இருந்து ஒரே ஒரு தடவை மாத்துங்க, நடந்துக்கிட்டே கேக்குற இயர்ஃபோனுக்கு 192 எம்பி3யே தாராளம், 320 போட்டு 4 ஜிபி பிளேயரை அடைக்காதீங்க.

பாட்டு ஏறியாச்சு, ஸ்கிரீன்ல பாட்டு பேருக்குப் பதிலா கட்டம் கட்டமா வருதா? நம்மாளுங்களுக்குன்னே இருக்குற வியாதி இது. எம்பி3 ஃபைலோட கடைசி 128 பைட்ல பழைய காலத்து டேக் (பாட்டு விவரச் சீட்டு) ஒன்னு இருக்கும், பாட்டு பேருக்கு 30 பைட், பாடகர் பேருக்கு 30 பைட், அவ்ளோதான். அதை வகுத்தவங்க மனசுல இருந்தது ஐரோப்பிய எழுத்து, ஒரு எழுத்துக்கு ஒரு பைட். எல்லா மொழி எழுத்தையும் கம்ப்யூட்டர்ல எழுதுற முறையான யுடிஎஃப்-8ல தமிழ் குறியீடு ஒவ்வொன்னுக்கும் மூணு பைட், கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியா கணக்கு. இளையராஜா 24 பைட்ல தப்பிச்சுடுவார். ஏ.ஆர்.ரஹ்மானுக்கு 35 வேணும், "ரஹ்மா" வரைக்கும் உள்ள வந்து "ன்"ல முதல் பைட் மட்டும் ஒட்டிக்கிட்டு அறுந்து நிக்கும். இந்தக் குறைக்குத்தான் அடுத்த வெர்ஷன் டேக் வந்துச்சு, அதுல 2.3ல யுடிஎஃப்-16 போடலாம், 2.4ல யுடிஎஃப்-8. பழைய பிளேயர்ல நிறைய 2.3ஐப் படிக்கும், 2.4ஐப் பாத்தா முழிக்கும், அதனால 2.3லயே சேவ் பண்ணுங்க. அப்படியும் ஃபான்ட் இல்லைன்னா கட்டம்தான். ஃபான்ட் இருந்தாலும் "கெ"ன்னு எழுதினா உள்ள க முதல்லயும் கொம்பு பின்னாடியும்தான் இருக்கும், திருப்பிப் போட்டுக் காட்டத் தெரியாத பிளேயர்ல கொம்பு தப்பான பக்கம் நிக்கும். டேகை இங்கிலீஷ் எழுத்துல தமிழா அடிச்சுடறது அழகில்லதான், ஆனா வேலை ஆகும்.

பாட்டு வரிசை மாறிப் பாடுதுன்னா அது பிளேயரோட கோளாறு இல்ல. விலை கம்மியான பிளேயர் நிறைய, பேர் வரிசையைப் பாக்காம ஃபேட்32 டிஸ்க்ல எந்த வரிசைல எழுதியிருக்கோ அப்படியே பாடும். எதையாவது அழிச்சுட்டு புதுசு போட்டா, அழிச்சதோட இடத்துல புதுசு போய் உக்காந்துக்கும், ஆல்பம் நடுவுல சம்பந்தமில்லாம ஒன்னு பாடும். விண்டோஸ்ல மொத்தமா செலக்ட் பண்ணி இழுக்கும்போது எந்த ஃபைலைப் பிடிச்சு இழுக்கறீங்களோ அதுதான் முதல்ல காப்பி ஆகும், அதனால முதல் பாட்டைப் பிடிச்சு இழுங்க. ஃபோல்டரைக் காலி பண்ணிட்டு திரும்பப் போடறது இன்னும் நல்லது.

கடைசியா வால்யூம். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் கிட்டத்தட்ட மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ங்கற ஒரே சத்த அளவுக்குக் கொண்டு வந்துதான் பாடும், பழைய பிளேயருக்கு அந்தப் பழக்கம் இல்ல, 80கள்ல வந்த சிடிக்கு அப்புறம் இப்போ வந்த குத்துப்பாட்டு வந்தா இயர்ஃபோனைப் பிடுங்கத் தோணும். எம்பி3கெயின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஒவ்வொரு ஃப்ரேம்லயும் இருக்குற கெயின் (சத்த அளவு) எண்ணை மட்டும் மாத்தும், திரும்ப என்கோட் பண்ணாது, அதனால தரம் குறையாது. 1.5 டெசிபல் படியாத்தான் மாத்த முடியும், பிடிக்கலைன்னா பழையபடி ஆக்கிக்கலாம். ஐபாட்ல இருக்கறவங்க ஐட்யூன்ஸ்ல சவுண்ட் செக்கை ஆன் பண்ணிட்டு சிங்க் பண்ணுங்க, ஐபாட் செட்டிங்ஸ்லயும் அதே பேர்ல ஒன்னு இருக்கும், அதையும் ஆன் பண்ணணும்.