கல்பாசி: கல்லும் இல்லை, பாசியும் இல்லை

செட்டிநாட்டுச் சமையலில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்போடு விழுகிற கல்பாசியைச் சற்று கையில் எடுத்துப் பாருங்கள். மேற்புறம் சாம்பல் நிறம், அடிப்புறம் கறுப்பு. சுருண்ட ஓரங்களில் மயிர்போல் கறுப்பு இழைகள். முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சூடு பட்ட பிறகுதான் மணம் எழும்.

இதன் அறிவியல் பெயர் பார்மோட்ரீமா பெர்லேட்டம். லைக்கன் இனம். உடலின் பெரும்பகுதி பூஞ்சை. அதற்குள் மெல்லிய அடுக்காகப் பச்சைப்பாசி இருந்து ஒளிச்சேர்க்கை செய்கிறது. ஒன்றெனத் தெரிவது உண்மையில் இரண்டு உயிர்கள் என்று 1860களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் சைமன் ஸ்வெண்டனர் சொன்னபோது, லைக்கன் ஆய்வாளர்களே அதை ஏற்க மறுத்தார்கள்.

‘லைக்கன்’ கிரேக்கச் சொல். ‘நக்குதல்’ என்னும் வினையிலிருந்து வந்தது என்பார்கள்; தோலில் படரும் ‘படை’ என்னும் நோய்க்கும் கிரேக்கர்கள் இதே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். நம் ‘பாசி’ பசுமையில் பிறந்த சொல். ஊருணிக் கேணியில் தொட்டால் விலகி, விட்டால் படரும் பாசியை, பிரிவில் தலைவியின் மேனியில் படரும் நிறமாற்றமான பசலைக்கு உவமையாக்குகிறது குறுந்தொகையின் 399ஆம் பாட்டு. அது நீர்ப்பாசி. பூஞ்சையே மிகுந்த உடலுக்குப் பாசி என்று பெயரிட்டது, குடியிருப்பவன் பெயரில் வீட்டைப் பதிந்ததுபோல்தான்.

‘கல்’லும் அப்படியே. வடமொழியில் சைலேயம், இந்தியில் பத்தர் கே பூல், மராத்தியில் தகட் பூல்: எல்லாப் பெயர்களும் பாறையையே காட்டுகின்றன. பாறையிலும் வளரும் என்பது உண்மைதான்; ஆனால் இது பெரிதும் ஒட்டியிருப்பது மரப்பட்டையில்.

பரவலில் இதற்குக் குறைவில்லை. உலகின் இரு கோளார்த்தங்களிலும் மிதவெப்பப் பகுதிகளில் உண்டு. இந்தியாவில் இமயமலையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. பிரிட்டனில் நிலக்கரிப் புகையின் கந்தக டை ஆக்சைடு இதைத் தொழில் நகரங்களிலிருந்து விரட்டியது. காற்று தெளிந்ததும் திரும்பி வந்தது. ஆக, அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர் அல்ல. ஆனாலும் நம் ஊர்க் கணக்கு வேறு. இதைப் பயிரிடுவார் இல்லை. கடைக்கு வருவதெல்லாம் காட்டில் உரித்தெடுத்தது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்வதால், உரித்த மரம் மறுபடி மூடப் பல ஆண்டுகள் ஆகும். பொட்டலத்தில் நெருங்கிய உறவினங்களும் கலந்தே வருகின்றன. எந்த இனம் எவ்வளவு போகிறது என்று எடைக்கல் சொல்லாது. அழியும் ஆபத்தை மதிப்பிடும் சிவப்புப் பட்டியலில் லைக்கன்களைச் சேர்ப்பதே தாமதமாகத்தான் தொடங்கியது: உலகப் பட்டியலில் முதலிரண்டு இனங்கள் இடம்பெற்றது 2003இல்.

எழுதும்போது எந்தப் பெயரை வழங்குவது? இந்த ஓர் இனத்துக்குக் கல்பாசி போதும். புணர்ச்சி விதிப்படி கற்பாசி என்றாலும் சரி. மொத்தக் குழுவுக்குப் பாடநூல்கள் வழங்கும் ‘லைக்கன்’ என்பதே என் தேர்வு. பனைமரத்தை எல்லா மரங்களுக்கும் பெயராக்க முடியாது. சிலர் இதைக் கடல்பாசி என்றும் எழுதுகிறார்கள். அது வேண்டாம், கடல்பாசி என்று கேட்டால் பல கடைகளில் இனிப்புக்கான அகர் அகர்தான் கிடைக்கும்.