டிக்டாக்ல ஓடுது சரி, நம்ம ஊர்ல ஓடுமா?

போன வாரம் எடுத்த சரக்கு விக்காம தவிக்கற இன்னொரு தங்கச்சி வந்தா, இந்த வருஷத்துல இது நாலாவது ஆளு. இங்க மலேசியா சுங்கை சிப்புட்ல நம்ம தையல் கடை முன்னால காரை நிப்பாட்டி பின்கதவ தொறந்து காட்றா, ஒரே பிஸ்தா பச்சை. 110 லெஹங்கா, பிளாஸ்டிக் கூட பிரிக்கல, கூட்டு (சீட்டு) எடுத்த காசு மொத்தமும் அதுல முடங்கிக் கிடக்கு. "டிக்டாக்ல எல்லாரும் இதத்தான்கா போட்டாங்க"ன்னு அழுவுறா. எனக்கு வந்த கோவம் அவ மேல இல்ல, வியூஸ் பாத்தா டிரெண்ட் தெரிஞ்சிடும்னு இவங்களுக்கு சொல்லிக் கொடுக்கறவங்க மேல.

தெளிவா சொல்றேன், உங்க போன்ல வர்றது வரப்போற டிரெண்ட் இல்ல, வந்து முடிஞ்சது. நீங்க பாக்கறப்பவே நூலுக்கு சாயம் போட்டு, நெய்து, தச்சு, கடைக்கு வந்தாச்சு. நீங்க பாத்து ஆர்டர் போட்டு சரக்கு வந்து சேர்றதுக்குள்ள அதே வீடியோவ பாத்த பத்து பேரு ஈப்போவுல அதே பச்சைய தொங்க விட்டுட்டாங்க. அப்புறம் யாரு வாங்குவா?

டிரெண்ட முன்கூட்டி சொல்றதுன்னா என்னன்னு வகுப்புல கேக்கற பிள்ளைங்களுக்கு நான் லி எடல்கோர்ட் பத்திதான் சொல்வேன். நெதர்லாந்துக்காரங்க, 1950ல பொறந்தவங்க. ஆர்ன்ஹெம்ல ஃபேஷன் படிச்சிட்டு அந்த நாட்டுல ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல வேலைக்கு சேந்து, 1975ல பாரிஸ் போய், 1986ல டிரெண்ட் யூனியன்ங்கற கம்பெனிய ஆரம்பிச்சாங்க. வரப்போற கலர், துணியெல்லாம் காட்டி அவங்க போடற டிரெண்ட் புக் சீசனுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே வந்துடும், ஏன்னா நூல்காரனுக்கு கலர் அப்பவே தெரிஞ்சாகணும். துணி கம்பெனி மட்டும் இல்ல, கார் கம்பெனியும் அவங்ககிட்ட கேக்கும். அது ஜோசியம் கெடையாது, ஜனங்க எப்படி வாழறாங்க, எதுக்கு ஏங்கறாங்கன்னு வருஷக்கணக்கா கூர்ந்து பாக்கற வேலை. அவ்ளோ அனுபவம் உள்ளவங்களே 2015ல ஃபேஷன் உலகத்தோட இந்த போக்கே செத்துப்போச்சுன்னு அறிக்கை விட்டாங்க, ஒரு சட்டை எப்படி ஒரு சாண்ட்விச்ச விட மலிவா இருக்க முடியும்னு கேட்டாங்க. அம்பது வெள்ளிக்கு லெஹங்கா கெடைக்குதுன்னு சந்தோஷப்படறவங்க அத கொஞ்சம் யோசிங்க.

நம்ம ஊருக்கு பாரிஸ் புக் வேணாம். என் அளவு நோட்டே போதும். போன தீபாவளிக்கு வந்த அக்காங்க பாதி பேரு கேட்டது என்ன தெரியுமா, "உள்ள ரெண்டு இன்ச் விட்டு தைங்க, பஞ்சாபி சூட்டுக்கு பாக்கெட் வைங்க." ஃபேக்டரி ஷிஃப்ட் முடிஞ்சு நேரா கோயிலுக்கு போறவங்க, போன் வைக்க எடம் வேணும். இது எந்த வீடியோவுலயும் வராது.

அதனால மொதல்ல பத்து பீஸ் மட்டும் எடுங்க. ஒரே கலர்ல எல்லா காசையும் போடாதீங்க. கூட்டு காச தொடவே தொடாதீங்க, சொல்லிட்டேன். சாம்பிள் துணி கேளுங்க, தரலன்னா வாங்காதீங்க. துணி கைக்கு வந்ததும் வெயில்ல ஒரு தடவ, டியூப் லைட்ல ஒரு தடவ பாருங்க, போன்ல பாத்த பச்சை மண்டபத்துல சாம்பலா தெரியலாம்.

அந்த தங்கச்சியோட லெஹங்காவுல முப்பத பிரிச்சு சின்ன பிள்ளைங்களுக்கு பட்டுப் பாவாடை மாதிரி தச்சிட்டிருக்கேன், பார்டர் மட்டும் மாத்தி. மீதி எண்பது இன்னும் மூட்டையா கெடக்கு. அடுத்து ஆர்டர் போடப் போறவங்க தயவு செஞ்சு காசு கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ கடைக்கு வாங்கம்மா, நோட்ட எடுத்துக் காட்றேன்.