மாரிக்கு எந்த டயர்? உயர்த்திய கெப் வண்டிக்காரருக்கு ஒரு கணக்கு

சில டயர்களின் பக்கச்சுவரில் மூன்று சிகரமுள்ள ஒரு மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கும். கெட்டிப்பட்ட பனியில் ஓர் ஒப்பீட்டு டயரோடு சேர்த்து இழுவையைச் சோதித்து, அதில் தேறிய டயருக்குக் கொடுக்கும் முத்திரை அது. யப்பானின் வடபகுதியில் ஓடிவிட்டு நம் நாட்டுக்கு வந்து இறங்கும் பாவித்த வண்டிகளில் சில இப்படிப்பட்ட டயரோடேயே வருகின்றன. பள்ளம் ஆழம், பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ரப்பர்க் கட்டைகளில் நெருக்கமாக மெல்லிய கீறல்கள், தொட்டால் மெத்தென்ற ரப்பர். புதிதாக டபிள் கெப் வாங்கி, லிப்ட் கிட் போட்டு இரண்டு அங்குலம் உயர்த்திய ஒருவருக்கு இதைக் கண்டால் ஆசை வருவது இயற்கை. "ஐஸிலயே பிடிக்கிற டயர், நம்மட சேத்தில பிடிக்காதா, தம்பி?" என்று டயர் கடையில் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

பிடிக்காது. சேற்றில் பிடிக்காது என்பதைவிட, மழை பெய்த தார் ரோட்டில் பிடிக்காது என்பதுதான் பெரிய சிக்கல். ஏன் என்று பார்க்க ரப்பரில் இருந்து தொடங்க வேண்டும்.

ரப்பர் எப்போதும் ரப்பராக இருப்பதில்லை. போதுமான அளவு குளிர வைத்தால் அது கண்ணாடி போல இறுகி, தட்டினால் உடையும் பொருளாகிவிடும். எந்த வெப்பநிலையில் இறுகும் என்பது கலவையைப் பொறுத்தது. சாதாரண டயர் ரப்பர் 7 பாகை செல்சியசுக்குக் கீழே போகும்போதே விறைக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் குளிர்நாடுகளில் 7 பாகையை எல்லையாக வைத்துக் குளிர்கால டயருக்கு மாறச் சொல்கிறார்கள். பின்லாந்தில் 1934இல் பார ஊர்திக்கென்று முதல் குளிர்கால டயரைச் செய்த காலத்தில் கவனம் முழுக்கப் பள்ளங்களின் வடிவத்தில் இருந்தது. இன்றைய குளிர்கால டயரில் பாதி வித்தை ரப்பர் கலவைக்குள் இருக்கிறது. சுழியத்துக்குக் கீழே இருபது, முப்பது பாகையிலும் நெகிழ்வாக இருக்கும்படி அதைச் சமைத்திருப்பார்கள்.

மட்டக்களப்பில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். சித்திரை வெயிலில் தார் 55, 60 பாகைக்குச் சூடேறும். பனிக்கென்று சமைத்த ரப்பர் இந்தச் சூட்டில் தேவைக்கு மேல் இளகிவிடும். பிரேக்கை மிதித்தால் கட்டைகள் ஒவ்வொன்றும் நெளிந்து சாயும். வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடும், ஸ்டியரிங் ஒரு கணம் பிந்திப் பதில் சொல்லும், டயரும் வேகமாகத் தேயும்.

சரி, மாரியில் தார் சூடாகாதே, அப்போதாவது பிடிக்குமா? அதற்கும் ரப்பர்தான் பதில் வைத்திருக்கிறது. டயர் ரோட்டைப் பிடிப்பது வெறும் ஒட்டுதலால் அல்ல. தாரில் துருத்திக்கொண்டிருக்கும் கல் நுனிகளை ரப்பர் அமுங்கித் தழுவுகிறது, பிறகு மீள்கிறது. மீளும்போது வாங்கிய சக்தி முழுவதையும் திருப்பிக் கொடுக்காமல் ஒரு பகுதியை வெப்பமாக விழுங்கிக்கொள்கிறது. அந்த விழுங்கல்தான் வண்டியைத் தடுக்கிறது. ஈரத்தில் ஒட்டுதல் போய்விடுவதால் இந்த விழுங்கலை மட்டுமே நம்பியிருக்கிறோம். டயர் வழுக்கத் தொடங்கும்போது அமுக்கமும் மீட்சியும் நொடிக்குப் பல ஆயிரம் தடவைக்கு மேல் நடக்கின்றன. அவ்வளவு வேகத்தில் தட்டும்போது ரப்பர் தன்னைக் குளிரில் இருப்பதுபோல உணர்ந்து விறைக்கும். அதனால் டயர் வேதியியலாளர்கள் ஆய்வுக்கூடத்தில் ரப்பரை 0 பாகையில் மெதுவாக அசைத்துப் பார்த்தே ஈர ரோட்டில் அது எப்படிப் பிடிக்கும் என்று கணிக்கிறார்கள். எரிபொருள் எவ்வளவு வீணாகும் என்பதற்கு 60 பாகையில் பார்ப்பார்கள். பனி டயரில் அந்த விழுங்கல் உச்சமடையும் இடம் குளிர்ப் பக்கம் தள்ளிப் போயிருக்கும். நம்முடைய 26 பாகை மழையில் அது தன் உச்சத்தில் இருந்து வெகுதூரம் விலகி நிற்கிறது.

இப்போது சேற்றுக்கு வருவோம். பனிக்கும் சேற்றுக்கும் ஒரே டயர் போதும் என்ற எண்ணத்துக்குக் காரணம் எம்+எஸ் என்று பல டயர்களில் இருக்கும் எழுத்து. சேறும் பனியும் என்று விரியும் இந்த எழுத்தைப் போட, பள்ளங்களின் அமைப்பு ஒரு விதமாக இருந்தாலே போதும்; சோதனை ஓட்டம் எதுவும் கட்டாயமில்லை. உண்மையில் இரண்டு டயரும் எதிர் எதிர் வேலை செய்கின்றன. பனியை அமுக்கினால் பனியோடு பனி இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே பனி டயர் தன் பள்ளங்களுக்குள் பனியை அடைத்து வைத்திருக்கவே விரும்புகிறது. சேறு அப்படியில்லை. பள்ளத்துக்குள் களி அடைந்துவிட்டால் டயர் வழவழப்பான ஓர் உருளையாகிவிடும். கொக்கட்டிச்சோலைப் பக்கம் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், மாரியில் இறங்கிய யாரும் இதைப் பார்த்திருப்பார்கள்: கட்டையே தெரியாத கறுப்பு உருண்டை நின்ற இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

சேற்று டயர் களியை உதறி எறிய வேண்டும். அதற்குத்தான் எம்.டி. (சேற்று நிலத்துக்கென்று செய்த) டயரில் கட்டைகளுக்கு நடுவே அவ்வளவு அகலமான இடைவெளி. உதறலுக்கு வேகமும் வேண்டும். 40 சென்ரிமீற்றர் ஆரையுள்ள சில்லு மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றினால் அதில் ஒட்டிய களியை வெளியே தள்ளும் விசை களியின் நிறையில் பாதிதான். 20 கிலோமீற்றர் வேகத்தில் அதே விசை நிறையைப் போல் எட்டு மடங்காகிவிடும். வேகம் நான்கு மடங்கானால் விசை பதினாறு மடங்கு. சேற்றில் அனுபவப்பட்ட சாரதி சில்லைச் சிறிது சுழல விடுவது இதற்காகத்தான். பனி டயரின் நெருக்கமான கீறல்களில் அடைந்த களி இதற்கெல்லாம் அசையாது.

அப்போ எம்.டி. டயரே போட்டுவிடலாமா? வாவிக்கு மேற்கே படுவான்கரையிலேயே குடியிருந்து, வெல்லாவெளிக்கும் வயலுக்கும் மட்டும் ஓடுகிறவர் என்றால் போடலாம். ஆனால் உயர்த்திய கெப்புகளில் பெரும்பாலானவை வாரத்தில் ஆறு நாள் கல்முனை வீதியிலோ செங்கலடி–பதுளை வீதியிலோதான் ஓடுகின்றன. அந்த வண்டிகளுக்குச் சேறு இரண்டாவது எதிரி. முதல் எதிரி தாரின் மேல் நிற்கும் தண்ணீர்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 265 மில்லிமீற்றர் அகலமான டயர், ரோட்டில் 3 மில்லிமீற்றர் தண்ணீர், வேகம் மணிக்கு 80 கிலோமீற்றர். ஒரு நொடியில் அந்த ஒற்றை டயர் 22 மீற்றர் ஓடும். வழியில் இருக்கும் 17 லீற்றருக்கும் மேற்பட்ட தண்ணீரை அது ஒதுக்கியாக வேண்டும். நொடிக்குப் பதினேழு லீற்றர்! ரோட்டைத் தொடும் ரப்பரோ சொற்பம். இரண்டு தொன் வண்டியின் ஒரு சில்லு 35 பி.எஸ்.ஐ. காற்றில் நிற்கும்போது நிலத்தைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 200 சதுர சென்ரிமீற்றர், பள்ளிப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில் ஒரு பக்கத்தைவிடக் குறைவு. அந்தச் சின்ன இடத்துக்குள் இருந்து தண்ணீர் பள்ளங்கள் வழியாக ஓடித் தப்ப வேண்டும். முடியாமல் போனால் டயருக்கு முன்னால் தண்ணீர் ஆப்புப் போல நுழைந்து அதைத் தூக்கிவிடும். பிறகு ஸ்டியரிங்கும் பிரேக்கும் வேலை செய்யாது.

எந்த வேகத்தில் தூக்கும்? விமான டயர்களை வைத்து நாசாவில் கண்டறிந்த ஒரு எளிய விதி இருக்கிறது. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து அந்த வேகம் கூடிக் குறையும். 35 பி.எஸ்.ஐ. காற்றுக்கு ஏறக்குறைய மணிக்கு 98 கிலோமீற்றர். 20 பி.எஸ்.ஐ. ஆனால் 75க்குக் கீழே. இது தோராயமான கணக்கு. டயர் மொட்டையாக இருந்தாலோ அகலமாக இருந்தாலோ இன்னும் முன்னதாகவே தூக்கிவிடும்.

அகலம் என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வண்டியை உயர்த்தியவர்கள் அடுத்ததாகத் தேடுவது அகலமான டயரைத்தான். பார்வைக்குக் கம்பீரம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அகலம் கூடினால் ஒதுக்க வேண்டிய தண்ணீரும் கூடும். அதே நிறை அகலப் பக்கம் பரவுவதால் தொடும் பரப்பு நீளத்தில் குறுகும், தண்ணீரை வெளியேற்றக் கிடைக்கும் நேரமும் குறையும். எம்.டி. டயரின் பெரிய கட்டைகளோ தாரைத் தொடும் ரப்பரையே குறைத்துவிடுகின்றன. ஈரத்தைக் கிழித்துத் துடைக்கும் மெல்லிய கீறல்களும் அவற்றில் குறைவு. சேற்றில் சிக்கினால் யாராவது உழவு மெசினைக் கொண்டுவந்து இழுத்துவிடுவார்கள். களுவாஞ்சிகுடி வளைவில் வழுக்கினால் இழுத்துவிட ஆளில்லை.

உயர்த்தலைப் பற்றியும் ஒரு விசயம். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்தினால் உடல்தான் மேலே போகும். பின் அச்சின் நடுவில் தொங்கும் டிப்ரன்சியல் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். கிரவல் ரோட்டில் கல்லில் முட்டுவது அந்தக் குண்டுதான். அதை மேலே தூக்க ஒரே வழி பெரிய டயர். 265/65 ஆர் 17 டயரின் (அகலம் 265 மில்லிமீற்றர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 வீதம், ரிம் 17 அங்குலம்) விட்டம் 776 மில்லிமீற்றர். 265/70 போட்டால் 803. குண்டு உயர்வது அந்த வித்தியாசத்தில் பாதி, அதாவது 13 மில்லிமீற்றர். இவ்வளவு பணத்தைக் கொட்டி ஒரு விரல் அகலம்கூட இல்லை என்று சிரிக்கத் தோன்றும். இன்னும் பெரிய 285/70 போட்டால் 27 மில்லிமீற்றர் கிடைக்கும். ஆனால் வேகமானி 80 காட்டும்போது வண்டி உண்மையில் 85இல் ஓடிக்கொண்டிருக்கும், பிரேக்கும் கியரும் அந்தப் பெரிய சில்லோடு மல்லுக்கட்டும். அதோடு, உயர்ந்த வண்டியின் நிறை மையமும் மேலே ஏறியிருக்கும். வளைவில் வெளிப்பக்க டயர்களின் தலையில் முன்பைவிடக் கூடுதல் சுமை விழும். இளகிய ரப்பர் நெளிவது அந்த இடத்தில் இரட்டிப்பாகத் தெரியும்.

உயரத்தை நம்பி வெள்ளத்தில் இறங்குவது இன்னொரு கதை. கிட்டங்கித் தாம்போதியிலும் கிரான் பாலத்தடியிலும் மாரி தோறும் தண்ணீர் ரோட்டுக்கு மேலால் பாயும். காற்று நிரம்பிய பெரிய டயர் ஒரு மிதவை என்பதை மறந்துவிடுகிறோம். 265/70 டயர் பாதி மூழ்கினால் ஏறக்குறைய 47 கிலோ நிறையைத் தண்ணீர் ஏந்தும், நான்கு டயருக்கும் 190 கிலோ. தண்ணீர் கபின் தரையைத் தொட்ட பிறகு, அந்தத் தரை மூன்றரைச் சதுர மீற்றர் என்று வைத்தால், மேலும் ஒவ்வொரு 10 சென்ரிமீற்றருக்கும் 350 கிலோ வரை குறையும். டயர் நிலத்தை அழுத்தும் நிறை இப்படிக் கரையும்போது பக்கவாட்டில் தள்ளும் நீரோட்டத்தை எதிர்க்க எந்தக் கட்டையாலும் முடியாது. 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் மாணவர்கள் ஏறிவந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு உயிர்கள் போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அது கெப்பைவிட உயரமான சில்லுள்ள வாகனம்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் என் தெரிவு ஏ.டி. (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான) டயர்: கம்பனி சொன்ன அகலம், மிஞ்சினால் ஒரு படி உயரம். கட்டைகளில் கீறல் இருக்கிறதா, நாலு நெடும்பள்ளங்கள் தடையில்லாமல் ஓடுகின்றனவா என்று பாருங்கள். பனித்துகள் முத்திரை பெற்ற ஏ.டி. டயர்களும் சந்தையில் உண்டு. அவை முழுப் பனி டயர் அல்ல, பயப்படத் தேவையில்லை. ஆனால் அந்த முத்திரைக்காக ஒரு சதமும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். நெல் மூட்டை ஏற்றுகிறவர்கள் சுமை எண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: 112 என்றால் ஒரு டயருக்கு 1120 கிலோ, 116 என்றால் 1250 கிலோ. அப்புறம் தயாரித்த திகதி. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். கடையில் வருடக்கணக்காகக் கிடந்த டயர் பார்வைக்குப் புதிது, ரப்பர் பழசு.

பள்ளத்தின் அடியில் தெரியும் சின்ன மேடுகள் 1.6 மில்லிமீற்றரைக் காட்டுபவை. டயர் அந்த அளவுக்குத் தேயும்வரை ஓட்டலாம் என்பது பொதுவான எல்லை. மாரிக்கு முந்திய மாதத்தில் பள்ளம் 3 மில்லிமீற்றருக்குக் கீழே வந்திருந்தால் நான் மாற்றிவிடச் சொல்வேன்.

கடைசியாகக் காற்று. கடற்கரை மணலிலும் வட்டையிலும் காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் தொடும் பரப்பு 200இல் இருந்து 350 சதுர சென்ரிமீற்றராகும், வண்டி புதையாமல் ஏறி வரும். ஆனால் தாருக்கு ஏறியதும் வேகம் பிடிக்காமல் முதலில் வரும் கடையில் நிறுத்திக் காற்றை அடித்துவிடுங்கள். 20 பி.எஸ்.ஐ. டயரோடு மழையில் 75ஐத் தொட்டால் என்ன நடக்கும் என்பதை மேலேயுள்ள கணக்கே சொல்லிவிட்டது. காற்று குறைந்த பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிப்பது அதற்கு மேலதிகம். பத்து வரை இறக்கினால் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடலாம், அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.