உறைக்குள் இருந்த மருந்து

ஃபால்சிபாரம் வகை மலேரியா ஒட்டுண்ணி ஒரு சிவப்பணுவுக்குள் புகுந்தால், அதற்கு 48 மணி நேரக் கணக்கு. முதல் 16 மணி நேரம்போல, கல் வைத்த மோதிரம் மாதிரி சின்ன வளையமாக ரத்தத்தோடு சுற்றிக்கொண்டிருக்கும். அப்புறம்தான் வினை. அணுவின் மேல்தோலில் பசைபோல ஒரு புரதம் முளைக்க, அணு நுண்குழாய்ச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். மூளையில் இப்படி அடைத்தால் கோமா.

இந்தக் கட்டத்துக்கு நெடுங்காலமாகக் கையில் இருந்த மருந்து குயினைன். தாத்தா காலத்து 'கொய்னா'தான். நீலகிரியின் நடுவட்டத்தில் சின்கோனா வளர்த்துப் பட்டையிலிருந்து எடுத்தார்கள். ஆனால் அது பெரும்பாலும் வளர்ந்த ஒட்டுண்ணியைத்தான் கொல்லும். வளையங்கள் தப்பி, வளர்ந்து, ஒட்டும். போதாக்குறைக்கு இன்சுலினைத் தூண்டி ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும். கோமாவில் கிடப்பவரிடம் அது வெளியே தெரியவும் தெரியாது.

மாசிபத்திரியின் உறவுக்காரச் செடி ஒன்றிலிருந்து 1970களில் சீனாவில் தூ யூயூ குழுவினர் எடுத்த ஆர்ட்டிமிசினின் வகை மருந்துகள் வளையத்தையே தாக்குகின்றன. அப்படியென்றால் குயினைனை அன்றே ஓரங்கட்டியிருக்கலாமே? அவ்வளவு சுலபமில்லை. அந்த வகையைச் சேர்ந்த ஆர்ட்டிமெதரைத் தசையில் ஊசியாகப் போட்டு காம்பியாவிலும் வியட்நாமிலும் சோதித்த முடிவுகள் 1996இல் வந்தன. ரத்தத்தில் ஒட்டுண்ணி வேகமாகக் குறைந்தது. இறப்பு தெளிவாகக் குறையவில்லை. நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்த ஸ்லைடு சுத்தமாவது வேறு, ஆள் பிழைப்பது வேறு. எண்ணெயில் கரைத்த மருந்து என்பதால், தசையிலிருந்து ஒழுங்காக ரத்தத்துக்கு ஏறாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதன் தம்பி ஆர்ட்டிசுனேட்டை நேரே ரத்த நாளத்தில் ஏற்றலாம். வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா, மியான்மர் மருத்துவமனைகளில் அதைக் குயினைனோடு மோதவிட்டார்கள். நோயாளி கவலைக்கிடமாக வந்ததும் டாக்டர் ஒரு மூடிய உறையைப் பிரிப்பார்; எந்த மருந்து என்பது குலுக்கல் முறையில் முன்பே முடிவாகி உள்ளே இருக்கும். தேர்வை டாக்டரிடமே விட்டால், ரொம்ப மோசமானவருக்குத் தன் மனம் நம்பும் மருந்தைத்தான் போடுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். பிறகு ஆள் இறந்தது மருந்தாலா, நோயின் கடுமையாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. உறைக்கு அந்தப் பாசம் கிடையாது.

வித்தியாசம் பளிச்சென்று தெரிந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2005இல் வெளிவந்த கணக்கு: குயினைன் பெற்ற 731 பேரில் 164 பேர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் பெற்ற 730 பேரில் 107 பேர். 2010இல் ஆப்பிரிக்காவின் 9 நாடுகளில் 5,425 குழந்தைகளிடம் நடந்த சோதனையிலும் இறப்பு 10.9 சதவீதத்திலிருந்து 8.5 ஆக இறங்கியது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. செத்த வளையத்தை மண்ணீரல் சிவப்பணுவிலிருந்து பிதுக்கி எடுத்துவிட்டு, அணுவைத் திரும்ப ரத்தத்தில் விடுகிறது. அடிபட்ட அந்த அணுக்களுக்கு ஆயுள் குறைவு. ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கூட்டமாக உடைந்தால், காய்ச்சல் தீர்ந்து வீட்டுக்குப் போனவருக்குத் திடீரென்று ரத்தசோகை வரும். அதனால்தான் டிஸ்சார்ஜுக்குப் பிறகும் சில வாரங்கள் ஹீமோகுளோபின் பார்க்கக் கூப்பிடுகிறார்கள்.