பட்டனைத் தட்டுவது யார்?

இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்று பாடத்துக்கு ஒரு டெலிகிராம் குழு. கொழும்பில் உயர்தர (ஏ/எல்) டியூஷன் வகுப்புகள் பல இப்போது இப்படித்தான் ஓடுகின்றன. அட்மின்கள் பெரும்பாலும் அதே வகுப்பில் முன்பு படித்து, இப்போது கம்பஸில் இருக்கும் பிள்ளைகள். நடுச்சாமத்தில் யாரோ சூதாட்ட விளம்பரத்தைப் போட்டால், கட்டளை டைப் பண்ணிக்கொண்டிருக்க அவர்களுக்குப் பொறுமை இருக்காது. அதனால் பைதன் மொழியில் சின்னதாக ஒரு போட், அதாவது குழுவில் தானாக இயங்கும் நிரல், எழுதிவிடுகிறார்கள். ஒரு மெசேஜை யாராவது ரிப்போர்ட் பண்ணினால், கீழே "அழி", "1 மணி மியூட்", "பான்" என்று மூன்று பட்டன்கள் வந்து நிற்கும். மியூட் என்றால் ஆளைப் பேசவிடாமல் வைப்பது, பான் என்றால் குழுவிலிருந்தே தடை செய்வது. ஒரு தட்டில் வேலை முடிந்தது.

நான் மென்பொருள் துறையில் இருப்பதால், "அண்ணா, இதை ஒருக்கா பாருங்களேன்" என்று இந்த மாதிரிக் கோட் என்னிடம் வருவதுண்டு. எழுதியவர் தட்டிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். அட்மின் அல்லாத ஒருவர் தட்டினாலும் அதே ஒழுங்கோடு வேலை செய்யும், அதுதான் வில்லங்கம்.

இந்தப் பட்டன் யோசனை பழைய ஐஆர்சி ஆட்களுக்குப் புதிதல்ல. 1988இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்கரினென் தொடங்கிய அரட்டை முறை அது. 1995இல் வந்த எம்ஐஆர்சி மென்பொருளில், பெயர்ப் பட்டியலில் ஒருவரை ரைட் கிளிக் பண்ணினால் கிக், பான் என்று மெனு விரியும். அந்த மெனுவை நாமே நாலு வரியில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அது இருந்தது அவரவர் கணினியில். கட்டளையும் அவரவர் பெயரில்தான் போகும். சனலில், அதாவது அரட்டை அறையில், அதிகாரம் இல்லாதவர் தட்டினால் சேர்வரே மறுத்துவிடும். டெலிகிராமில் பட்டன் குழுவுக்கு நடுவே, எல்லோர் கண்முன்னும் நிற்கிறது. யார் தட்டினாலும் கட்டளை கொடுப்பது போட். அதற்கு அட்மின் அதிகாரம் இருப்பதால் டெலிகிராம் மறுபேச்சில்லாமல் செய்துவிடும். ரிப்போர்ட் வாங்கிய ஸ்பாம்காரர், ரிப்போர்ட் பண்ணிய பிள்ளையின் மெசேஜுக்கு எதிராகத் தானும் ஒரு ரிப்போர்ட் போட்டு, வந்த "பான்" பட்டனைத் தானே தட்டலாம்.

ஆகவே தட்டு வந்தவுடன் போட் செய்யவேண்டிய முதல் வேலை, தட்டியவரின் ஐடியை எடுத்து, அவர் இந்த நிமிடம் இந்தக் குழுவில் அட்மினா, ஆட்களைத் தடுக்கும் உரிமை அவருக்கு உண்டா என்று டெலிகிராமிடமே கேட்பது. கோடுக்குள் எழுதிவைத்த அட்மின் பட்டியலை நம்பவேண்டாம். போன வருடம் விலகியவர் இன்னும் அதில் இருப்பார். பட்டனோடு வரும் தரவையும் (யார்மீது என்ன நடவடிக்கை என்ற குறிப்பு) கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது. மாற்றியமைத்த செயலியிலிருந்து எதையும் அனுப்பலாம். என்னைக் கேட்டால், பட்டன்களை அட்மின்களுக்கு மட்டுமான தனிக் குழுவுக்கு அனுப்புவதே நல்லது. அப்போதும் சோதனையை விடாதீர்கள்.

அந்தத் தரவுக்கு டெலிகிராம் தரும் இடம் 64 பைட் மட்டும். அதில் ஆளின் பெயரைப் போட்டுவிட்டு, ஆங்கிலப் பெயருக்கு வேலை செய்கிறது, தமிழ்ப் பெயருக்கு ஏன் எரர் என்று கேட்கிறார்கள். யூனிகோடின் UTF-8 முறையில் 'க' ஒன்றே 3 பைட், 'கு' 6 பைட். "சிவகுமாரன்" என்ற பெயர் மட்டும் 30 பைட்டை விழுங்கிவிடும். பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது வேறு கதை. ஐடி எண்ணை மட்டும் போடுங்கள்.

அடுத்தது நேரம். இதில்தான் அப்பாவிகள் மாட்டுகிறார்கள். மியூட் எவ்வளவு நேரம் என்று டெலிகிராம் கேட்பதில்லை, எப்போது முடியும் என்றுதான் கேட்கிறது, அதுவும் 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணிய வினாடிகளில். ஒரு மணி நேரம் என்று நினைத்து 3600 என்று கொடுத்தால், அது 1970இல் முடிந்துபோன ஒரு கணம். முடியும் நேரம் இப்போதிலிருந்து 30 வினாடிக்குள்ளோ 366 நாளுக்கு அப்பாலோ இருந்தால் தடை நிரந்தரம் என்பது டெலிகிராமின் விதி. "1 மணி மியூட்" வாங்கிய பிள்ளை பரீட்சை முடியும்வரை வாய் திறக்க முடியாது. அட்மினுக்கோ எல்லாம் சரியாக நடந்ததாகவே தெரியும்.

பைதன் டெலிகிராம் போட் (python-telegram-bot) என்ற நிரல் நூலகத்தைப் பாவிப்பவர்களுக்கு இன்னொரு பொறி. நேர வலயம் குறிப்பிடாத நேரத்தை அது வழக்கமாக யூடிசி (UTC) என்ற உலகப் பொது நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். நம் நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி முன்னால். கொழும்பு நேரத்தில் ஓடும் லேப்டாப்பில் 10 நிமிட மியூட் போட்டால் அது 5 மணி 40 நிமிடமாகிவிடும். அதே கோட் யூடிசியில் ஓடும் சேர்வரில் சரியாக இருக்கும். ஆகவே நேர வலயத்தைச் சேர்த்தே எழுதுங்கள்.

தட்டியதும் போட் உடனே பதில் அனுப்பாவிட்டால் பட்டனில் சுற்று சுற்றிக்கொண்டே இருக்கும். பொறுமையில்லாதவர் திரும்பத் தட்டுவார், அதற்குள் இன்னொரு அட்மினும் தட்டியிருப்பார். ஒவ்வொரு தட்டையும் ஓர் எச்சரிக்கையாக எண்ணி, மூன்று வந்தால் பான் என்று வைத்திருந்தால், ஒரே மெசேஜுக்கு ஆள் வெளியே. ஒரு ரிப்போர்ட்டுக்கு ஒரு நடவடிக்கைதான் என்று பதிந்துகொண்டு, முதல் தட்டிலேயே பட்டன்களை எடுத்துவிடுங்கள். பானுக்கு மட்டும் "நிச்சயமா?" என்று இன்னொரு தட்டு வையுங்கள்.

பானை நீக்கும் பட்டனிலும் ஒரு கண் இருக்கட்டும். டெலிகிராமின் அன்-பான் (unban) கட்டளை, குழுவில் ஏற்கெனவே இருப்பவர்மீது பட்டால் அவரையும் வெளியேற்றிவிடும். "பான் ஆனவராக இருந்தால் மட்டும்" (only_if_banned) என்ற தெரிவை உண்மை (True) என்று கொடுக்கவேண்டும்.

போட்டை இயக்கும் இரகசியச் சாவியான டோக்கனைக் கோடுக்குள் எழுதி, உதவி கேட்கும்போது அப்படியே ஒட்டிவிடுபவர்களும் உண்டு. எனக்கு அனுப்பினாலும் சரி, போட்களைப் பதிவுசெய்யும் டெலிகிராமின் போட்ஃபாதரில் அதை ரத்து செய்து புதியதை எடுங்கள்.

குழுவில் விடுவதற்கு முன், அட்மின் அல்லாத இன்னொரு கணக்கிலிருந்து ஒவ்வொரு பட்டனையும் தட்டிப் பாருங்கள். "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று மூன்றுக்கும் வந்தால், அப்புறம் வகுப்பு எடுக்கும் சேருக்குச் சொல்லி ஓடவிடலாம்.